திண்டிவனத்து அவுரியும் வெங்கடராமனின் புத்தகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது. மற்றவர்கள் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. அண்ணன் பேத்தி எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். கரிமச் சேர்மங்களைத் தொகுப்பது, அதற்கான வினையூக்கிகள், இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய வெளிமாநிலத்தில் இடம் கிடைத்திருக்கிறது. உடனே ஆளாளுக்கு ஆலோசனை. அஞ்சு வருஷம் குடுவையைக் கலக்கி என்ன ஆகப்போகுது என்றார் ஒரு மாமா. பி.எட். முடிச்சா டி.ஆர்.பி. எழுதலாமே என்றாள் ஒரு அத்தை. நான் அப்போது எதுவும் எழுதவில்லை. கட்டைவிரலால் தட்டி வாதாடும் வித்தை எனக்குக் கைவரவில்லை. அதனால் ஒரு மனிதரின் கதையை எழுதுகிறேன். அவர் பெயர் கே. வெங்கடராமன். சர் சி.வி. ராமன் வேறு, வெங்கி ராமகிருஷ்ணன் வேறு. இவரை நம் பாடநூல்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் கதையை அவரிடமிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். நம் வயல்வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் எழுதுவது பனமலையிலிருந்து. என்னோடு தாலகிரீஸ்வரர் கோயிலுக்கு மலையேறிய பிள்ளைகளுக்கு, அந்தச் சிறு சன்னதிச் சுவரில் மிஞ்சியிருக்கும் அம்மன் ஓவியம் நினைவிருக்கும். குடையும் மகுடமும் ஒரு பக்கம் சாய்ந்த நிற்பும். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கோயில், ஏறக்குறைய 1300 வயது. நிறம் என்பது இந்த மண்ணுக்குப் பழைய சங்கதி என்பதற்காகத்தான் அதைச் சொன்னேன். இன்று பேசப்போவது துணியில் ஏறிய நிறத்தைப் பற்றி.

பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர்போனது. சென்னை மாகாணத்தில் நீலச் சாயம் என்றால் கடப்பை, நெல்லூர், தென்னாற்காடு ஆகிய பெயர்கள்தாம் முன்னால் வரும். (அவுரி என்றதும் பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நீலி என்று நாட்டு வைத்தியர்கள் சொல்லும் செடி. பாட்டிமார் தலைக்குக் காய்ச்சும் எண்ணெயில் போடுவார்களே, அது.) நாகப்பட்டினத்தில் இன்றும் அவுரித்திடல் என்று ஓர் இடம் இருக்கிறது. கூட்டம் போடுவதற்கும் உண்ணாவிரதம் இருப்பதற்கும் பயன்படும் திடல். அந்தப் பெயரில் ஒரு தொழிலின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செய்முறை இப்படி. பூக்கும் பருவத்தில் செடியை அறுத்துக் கட்டுக்கட்டாக மேல் தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து, தண்ணீர் விடுவார்கள். ஓர் இரவு ஊறும், புளிக்கும், நாற்றம் குடலைப் புரட்டும். பச்சை கலந்த மஞ்சளாக இறங்கும் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். ஆட்கள் அதில் இடுப்பளவு நின்று காலாலும் துடுப்பாலும் மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். காற்று பட்டதும் தண்ணீர் நீலமாகத் திரும்பும். அடியில் வண்டல் படியும். அதைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, கட்டியாக வெட்டி நிழலில் உலர்த்தினால் நீலக்கட்டி. நம் பக்கத்தில் பச்சை இலையோடு உலர்ந்த இலையிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். வங்காளத்தில் அந்த வழக்கம் இல்லை.

வேதியியல் படித்தவர்களுக்கு இதில் நடப்பது தெரியும். இலையில் நீலம் கிடையாது. இண்டிகன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. புளிக்கும்போது நொதிகள் அதிலிருந்து சர்க்கரைப் பகுதியைக் கழற்றிவிடும். மீதி நிற்கும் இண்டாக்சில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, இரண்டிரண்டாக இணைந்து இண்டிகோ ஆகும். தொட்டியில் இறங்கி நின்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. எந்த நொடியில் அடிப்பதை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இந்த நீலம் எங்கே போனது? பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நீலம் தோய்த்த துணியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் செனகல் வரை அனுப்பினார்கள். கினீ துணி என்று அதற்குப் பெயர். அந்தக் கரையில் அது பணமாகவே புழங்கியது. நம் பக்கத்து வயலின் சாயம் செனகல் ஆற்றங்கரையில் நாணயமாகக் கைமாறியிருக்கிறது. நினைத்துப் பாருங்கள்.

பீகாரிலும் வங்காளத்திலும் நடந்த கொடுமை உங்களுக்குத் தெரியும். 1859ல் நீலக் கலகம், 1917ல் சம்பாரணில் காந்தி. நம் பக்கத்தில் வெள்ளைத் தோட்டக்காரர் கட்டாயப்படுத்தி விதைக்கச் சொன்ன கதை குறைவு. குடியானவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி விதைத்தார். கடன் கடன்தான், சுகம் என்று சொல்ல மாட்டேன்.

இனி ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

அடால்ஃப் வான் பேயர் என்ற வேதியியலர் 1865 வாக்கில் இண்டிகோவின் பின்னால் போனார். அதை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1883ல் அதன் அமைப்பையும் எழுதினார். 1905ல் நோபல் பரிசு. ஆனால் அவர் காட்டிய வழியில் ஒரு கிலோ செய்ய ஆகும் செலவுக்கு நம் ஆள் தொட்டியில் பத்து கிலோ எடுத்துவிடுவார். குடுவையில் செய்வதற்கும் ஆலையில் செய்வதற்கும் இடையே ஒரு பாதாளம் இருக்கிறது. ஆராய்ச்சியின் பெரும்பகுதி அந்தப் பாதாளத்தில் பாலம் கட்டுவதுதான்.

பாலம் கட்டியவர்களில் ஒருவர் சூரிச்சில் இருந்த ஹாய்மன். நாஃப்தலீனிலிருந்து தொடங்கும் ஒரு பாதையை 1890ல் காட்டினார். நாஃப்தலீன் என்றால் பீரோவில் போடும் பாச்சை உருண்டை. நிலக்கரித் தாரிலிருந்து அள்ள அள்ளக் கிடைக்கும் சரக்கு. ஆனால் முதல் படியிலேயே இடறியது. நாஃப்தலீனைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கித் தாலிக் நீரிலியாக்க வேண்டும். அது ஆமை வேகத்தில் நடந்தது, விளைச்சலும் மோசம். அப்போது பி.ஏ.எஸ்.எஃப். ஆலையில் சாப்பர் என்பவரின் சோதனையில் வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே கொட்டிவிட்டது. வினை பிய்த்துக்கொண்டு ஓடியது. பாதரசம் அமிலத்தோடு சேர்ந்து பாதரச சல்ஃபேட் ஆகி, அதுவே வினையூக்கியாக நின்றது. (புதுப் பாடநூலில் வினைவேகமாற்றி என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு வினையூக்கிதான் நாக்கில் வருகிறது.)

மேல்நிலை வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், வெப்பமானியை உடைச்சா மார்க் உண்டா சார் என்று கேட்கும் ஒருவன் எல்லா பேட்ச்சிலும் இருந்தான். உடைந்தது விபத்து. உடைந்த பிறகு குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிடாமல், ஏன் இப்படி நடந்தது என்று நின்று பார்த்ததற்குத்தான் மார்க்.

பி.ஏ.எஸ்.எஃப். அந்த ஒரு சாயத்துக்காகச் சுமார் 1 கோடியே 80 லட்சம் மார்க் கொட்டியது. 1897ல் செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டு உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன், பெரும்பகுதி இந்தியாவுடையது. 1914ல் அது 1,000 டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோனதால் சில வருடம் நம் நீலத்துக்கு மறுபடி விலை வந்தது. போர் முடிந்ததும் அதுவும் போயிற்று. நம் கடற்கரையில் தோண்டிய சாயவேருக்கு இதே கதி முன்பே நேர்ந்திருந்தது. அதிலிருந்த சிவப்பை, அலிசரினை, 1869லேயே ஜெர்மனியில் தொகுத்துவிட்டார்கள்.

நம் மாவட்டத்தின் ஒரு பிழைப்பு, கடல் தாண்டி ஓர் ஆய்வகத்தில் முடிவு செய்யப்பட்டது. படையெடுப்பு இல்லை, சட்டம் இல்லை. தொட்டியில் நின்றவருக்கு யார் தன்னைத் தோற்கடித்தார் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. என் மனத்தை உறுத்துவது இதுதான். ஆய்வகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஓர் ஆள்கூட அன்று நம் பக்கம் இல்லை.

வெங்கடராமன் பிறந்தது 1901ல், சென்னையில். அப்பா பொறியாளர். மாநிலக் கல்லூரியில் 1923ல் எம்.ஏ. முடித்து, சென்னை அரசின் உதவித்தொகையில் மான்செஸ்டர் போனார். மான்செஸ்டர் என்றதும் நம் நெசவாளர் வயிற்றில் அடித்த மில் துணி ஞாபகம் வரும். அதே ஊருக்குத்தான் சாய வேதியியல் படிக்கப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் ராபர்ட் ராபின்சன். பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தரும் பொருள்களின் அமைப்பைத் துப்பறிந்து, அவற்றைக் குடுவையில் திரும்பச் செய்து காட்டிய மேதை. 1947ல் நோபல் பெற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் ராபின்சனிடம் இன்னொரு தமிழரும் படித்தார். குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. அவரும் தாவர நிறமிகளில் உலகப் புகழ் பெற்றார். அவர் கதை தனிப் பதிவுக்கு உரியது.

திரும்பி வந்த வெங்கடராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, லாகூர் ஃபார்மன் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அந்த நாளில் சென்னைக்காரர் லாகூரில் வேலை பார்ப்பது அதிசயமில்லை. அதிசயம் அங்கே நடந்த வேலை. ஹர்நாம் சிங் மஹல் என்பவரோடு சேர்ந்து அவர் கண்ட ஒரு வினை 1933, 1934ல் வெளியானது. இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் அதே நேரத்தில் தனியாக அதைக் கண்டிருந்தார். அதனால் இரண்டு பேர் பெயரும் ஒட்டிக்கொண்டது: பேக்கர்–வெங்கடராமன் இடமாற்ற வினை. கரிம வேதியியலில் பெயர் பெற்ற வினைகளின் பட்டியலில் இந்தியப் பெயர்கள் சொற்பம். அதில் இது ஒன்று, இன்றும் உயிரோடு புழக்கத்தில் இருப்பது.

அது என்ன என்று கேட்கும் உறவினர்களுக்காக. ஒரு வீட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர், வீட்டை விட்டு வெளியேறாமல் கீழ்ப் போர்ஷனுக்கு மாறுகிறார் என்று வையுங்கள். ஆக்சிஜனில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொகுதி, காரத்தின் உதவியோடு, அதே மூலக்கூறுக்குள் பக்கத்திலுள்ள கார்பனுக்கு இடம் மாறுகிறது. அவ்வளவுதான். பிறகு அமிலம் சேர்த்தால் ஒரு நீர் மூலக்கூறு கழன்று, வளையம் மூடிக்கொள்கிறது. கையில் நிற்பது ஃபிளேவோன். பூக்களிலும் மரக்கட்டைகளிலும் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள்களின் குடும்பம் அது. செடியில் கையளவு கிடைப்பதை வைத்துக்கொண்டு அமைப்பை ஊகிப்பதைவிட, ஊகித்த அமைப்பைத் தானே செய்து பார்த்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுவது உறுதி. அதற்கு நேரான ஒரு பாதை கிடைத்தது. மருந்துக்காக ஃபிளேவோன்களைத் தேடுகிறவர்கள் இன்றும் அந்தப் பாதையில் நடக்கிறார்கள்.

1934ல் பம்பாய். பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை தொடங்கி ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. மில்கள் நிறைந்த ஊர். அந்த மில்களில் தோய்த்த சாயமோ ஏறத்தாழ முழுதும் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது. துணி நெய்யத் தெரிந்த தேசம், அதற்கு நிறமூட்டக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. வெங்கடராமன் 1938ல் அந்தத் துறையின் தலைவரானார், முதல் இந்தியத் தலைவர். அங்கே இருந்த சுமார் இருபது ஆண்டுகள்தாம் அவர் வாழ்வின் மையம் என்பது என் கணிப்பு. பெரிய பதவிகள் பின்னால் வந்தன. ஆனால் சாய ஆலைகளுக்கு ஆள் உருவானது இங்கேதான். 1947ல் தொடங்கி 1952ல் நேரு திறந்துவைத்த குஜராத்தின் அதுல் போன்ற ஆலைகள் எழுந்தபோது, வேலை தெரிந்த ஆள் நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

பி.ஏ.எஸ்.எஃப்., பேயர், ஹோக்ஸ்ட் முதலிய நிறுவனங்கள் 1925ல் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஒரே ராட்சத நிறுவனமாகின. சாயம் செய்யும் நுணுக்கங்கள் அங்கே இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது ஒன்று, ஆலையில் உண்மையாக நடப்பது இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி விழுந்ததும் நேச நாடுகளின் நிபுணர்கள் அந்த ஆலைகளுக்குள் நுழைந்து, எந்தக் கலனில் எத்தனை டிகிரியில் என்ன போட்டார்கள் என்பதுவரை எழுதியெடுத்து, கட்டுக்கட்டாக அறிக்கை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அந்தக் காட்டுக்குள் போய் வழி கண்டுபிடிக்க ஆள் வேண்டுமே. பம்பாய் மாதுங்காவில் உட்கார்ந்து வெங்கடராமன் அதைச் செய்தார். காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், இந்த அறிக்கைகள் எல்லாவற்றையும் சலித்து, எந்தச் சாயம் எந்த அமைப்பு, எப்படிச் செய்வது, ஏன் அது துணியில் பிடிக்கிறது என்று ஒழுங்குபடுத்தி எழுதினார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1952ல் அமெரிக்காவில் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். ரஷ்ய மொழியில் பெயர்த்தார்கள். பிறகு 1970களில் பல நாட்டு ஆசிரியர்களை எழுதவைத்து, அவர் பதிப்பாசிரியராக இருந்து, எட்டாம் தொகுதி வரை கொண்டுபோனார். உலகத்தில் சாயம் படிக்கிற எவரும் அந்த வரிசையைத் தாண்டிப் போக முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

1897ல் நம் அவுரிக்காரருக்குத் தெரியாமல் இருந்த ரகசியத்தை, அரை நூற்றாண்டு கழித்து ஒரு சென்னைக்காரர் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைத்தார். பழிவாங்கல் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் திண்டிவனம் சாலையில் பேருந்தில் போகும்போது இது எனக்குள் ஓடாமல் இருந்ததில்லை.

1957ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்த ஆய்வகம். முதல் இயக்குநர் கனடாவில் பிறந்தவர், இரண்டாமவர் இங்கிலாந்தில் பணியாற்றியவர். வெங்கடராமன் மூன்றாமவர், முதல் இந்தியர். 1961ல் பத்மபூஷண். 1966 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் வந்த பி.டி. திலக் அவருடைய மாணவரே.

நிர்வாகக் கதைகளில் எனக்கு ருசி இல்லை, விட்டுவிடுகிறேன். புனேயில் அவர் கையில் எடுத்த ஆராய்ச்சிதான் விசேஷம். வாழ்நாள் முழுக்கச் செயற்கைச் சாயத்தில் ஊறியவர், மறுபடி மரத்திடம் போனார். அரக்குப் பூச்சி தரும் சிவப்பின் அமைப்பை அவர் குழு ஆராய்ந்தது. பிறகு பலாமரம். ஆம், நம் பண்ருட்டிப் பலா. முந்திரித் தோப்புக்கு நடுவில் நிற்கிற அந்த மரத்தை அறுத்தால் நடுவில் மஞ்சளாக வைரம் பாய்ந்திருக்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற கட்டை. அதன் தூளைக் கொதிக்கவைத்துத்தான் இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகளின் அங்கிக்குச் சாயம் ஏற்றினார்கள். அந்த மஞ்சளுக்குள் இருக்கும் ஃபிளேவோன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அமைப்பை எழுதினார்கள் வெங்கடராமன் குழுவினர். முசுக்கொட்டை மரத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்த மரம் எந்த மரத்துக்கு உறவு என்பதை நிறமியைக் கொண்டே பேசலாம் என்று 1972ல் விரிவாக எழுதினார். பணி ஓய்வு பெற்ற வயதில். ஓய்வூதியர்கள் கவனிக்க.

பலா மரத்து வேலையில் அவரோடு இருந்த இளைஞர்களில் ஒருவர் ஏ.வி. ராமாராவ், குண்டூர்க்காரர், வெங்கடராமனிடம் பிஎச்.டி. செய்தவர். பின்னாளில் ஐதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தின் இயக்குநர். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமித் தொற்றைக் கண்டுபிடித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த நோய்க்கு முதலில் வந்த மருந்து ஏ.இசட்.டி. வெளிநாட்டு விலை நம் ஜனங்களுக்குக் கனவிலும் எட்டாது. அதை நம் நாட்டிலேயே செய்யும் முறையை ராமாராவின் ஆய்வகம் உருவாக்கிக் கொடுக்க, 1990களின் தொடக்கத்தில் சிப்லா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பம்பாயில் வெங்கடராமனிடம் படித்த இன்னொருவர் நித்யா ஆனந்த். லக்னோ மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர், சஹேலி என்று கடைகளில் கிடைக்கும் கருத்தடை மாத்திரைக்குக் காரணமானவர்.

குடுவையைக் கலக்கி என்ன வந்தது என்று கேட்ட மாமாவுக்கு இதை எடுத்துக் காட்டலாம். அதற்காக எல்லா ஆராய்ச்சியும் மருந்தாகவோ ஆலையாகவோ முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலான குடுவைகளில் கரி பிடிக்கும். ஃபெல்லோஷிப் பணம் மாதக் கணக்கில் தாமதமாக வரும். ஐந்து வருடம் ஆறாகும், ஏழாகும். பிஎச்.டி. முடித்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்குக் கால்கடுக்க நிற்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களில் என் மாணவர்களும் உண்டு. பேத்தியிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். அவள், தெரியும் சின்னத் தாத்தா, அஞ்சு வருஷம் ஒரே கேள்வியோட இருக்கணும்னு ஆசையா இருக்கு என்றாள். ஆசிரியர் வேலையைக் குறைத்துப் பேச நான் யார், அதில்தான் சோறு தின்றேன். ஆனால் இந்தப் பதிலைச் சொல்கிற பெண்ணை டி.ஆர்.பி. புத்தகத்தின் முன் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி என்பவர்களுக்கு: 1930களில் சென்னையிலிருந்து லாகூர் போன மாதிரி தூரம் இல்லை இது. விடியோவில் தினமும் முகம் பார்க்கலாம்.

அவள் எடுக்கப்போகும் வினையூக்கித் துறையிலும் நம்மவர்கள் தடம் உண்டு. புனே ஆய்வகம் பின்னாளில் வினையூக்கிகளுக்குப் பேர்போனதற்கு முக்கியக் காரணம் பால் ரத்னசாமி, சென்னைக்காரர், லயோலாவில் படித்தவர். ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த சல்லடை போன்ற ஒரு திடப்பொருள். துளைக்குள் நுழைய முடிகிற மூலக்கூறுதான் வினைபுரியும், நுழைய முடியாதது வெளியே நிற்கும். அப்படி ஒரு ஜியோலைட்டைக் கொண்டு பெட்ரோலிய சைலீன்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் முறையை அவர் குழு உருவாக்கியது. 1980களில் பரோடாவில் அது ஆலையில் ஓடியது. 1984ல் பட்நாகர் விருது, 1995 முதல் 2002 வரை இயக்குநர். சைலீன்களில் ஆர்த்தோ சைலீன் என்ற ஒன்றிலிருந்துதான் இப்போது பெரும்பாலும் தாலிக் நீரிலி செய்கிறார்கள். சாப்பர் வெப்பமானியை உடைத்துச் செய்தாரே, அதே பொருள். இப்போது பாதரசம் கிடையாது. வனேடியம் ஆக்சைடும் காற்றும் போதும்.

இங்கே சிலர் கை தூக்குவீர்கள் என்று தெரியும். திருப்பூர் சாயக்கழிவு என்ன ஆயிற்று சார்? நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின? நியாயமான கேள்வி. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வேதியியல் அந்த ஆற்றுக்குச் செய்ததை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு மருந்தாக, ரசாயனமே இல்லாத பாட்டி காலத்துச் சாயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை எனக்கு அனுப்பாதீர்கள். அவுரியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் இண்டிகோ மூலக்கூறு ஒன்றுதான். தொட்டித் தண்ணீரும் அந்நாளில் வாய்க்காலில்தான் திறந்துவிடப்பட்டது. குறைந்த நீரில், குறைந்த கழிவில், பாதரசம் மாதிரி நஞ்சு இல்லாமல் ஒரு வினையை நடத்த என்ன வழி என்று கேட்பதுதான் இன்றைய வினையூக்கி ஆராய்ச்சியின் பெரும்பகுதி. ஆற்றுக்காகப் பேசுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளோடு சண்டைக்கு நிற்பதில் அர்த்தமில்லை.

வெங்கடராமன் 1981ல் காலமானார். சென்னையில் பிறந்தவரை பம்பாயும் புனேயும் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு நாம் வைத்திருக்கவில்லை.

இன்னொரு பக்கம், அவுரி முழுதாகச் சாகவில்லை. உலகத்து ஜீன்ஸ் பேன்ட் அத்தனைக்கும் வேண்டிய நீலம் ஏறக்குறைய முழுவதும் ஆலையிலிருந்துதான் வருகிறது. ஆனால் செடி நீலம்தான் வேண்டும் என்று கேட்டு, கூடுதல் விலை கொடுக்கும் வெளிநாட்டார் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் அவுரி அறுத்து, தொட்டியில் ஊறவைத்து, நீலக்கட்டி செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். இந்தியாவில் இயற்கை நீலம் எடுக்கும் முக்கியமான இடங்களில் நம்முடையதும் ஒன்று. இது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பழத்தைத் தேடுகிறோம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி, செஞ்சி பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வயலோரத்தில் பழைய இரட்டைத் தொட்டி ஏதாவது இருக்கிறதா? ஒன்று மேட்டில், ஒன்று தாழ்வில், நடுவில் ஒரு துவாரம், சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர். பல இடங்களில் அதை மாட்டுத் தொட்டி என்றோ வெள்ளைக்காரன் குளம் என்றோ சொல்லக்கூடும். கிடைத்தால் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், ஊர்ப் பெயரோடு. நீள அகல ஆழம் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கண்ணளவு வேண்டாம்.